'மா' – எழுத்து ஒன்று, ஊருக்கொரு பொருள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "என்ன தலைப்பில் பேசப் போறீங்க?" என்று கேட்டார். "மா" என்றேன். அவர் பேனாவும் கையுமாக மீதிக்காகக் காத்திருந்தார். "அவ்வளவுதான் சார், ஓர் எழுத்து" என்றேன். அழைப்பிதழில் பாதி வரி விட்டுப்போச்சு என்று நினைத்துக்கொள்வார்களே என்று அவருக்குக் கவலை. அதனால்தான் நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு எதிரே 'சிறப்புரை' என்று மட்டும் போட்டிருக்கிறார்.

நான் இங்கே கணிதத் துறையில் படித்தவன். பிற்பாடு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவன். மொழிகளைப் பற்றிப் படிப்பது எனக்கு ஓய்வு நேரப் பழக்கம்; சிலருக்குச் சீட்டு, சிலருக்குச் செஸ், எனக்கு அகராதி. ஆகவே ஒரு கணக்கு வாத்தியாரின் பேச்சாகவே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் வீட்டிலிருந்தே புறப்படுவோம். ஓர் எழுத்தே தனிச் சொல்லாக நின்று பொருள் தந்தால் அது ஓரெழுத்து ஒருமொழி என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பூ, தீ, கை, பை மாதிரி. நன்னூல் இப்படி 42 சொற்களைக் கணக்குச் சொல்கிறது. அந்த 42 பேரில் ஓய்வே இல்லாமல் உழைப்பவர் 'மா'தான் என்பது என் எண்ணம். மாமரம் என்றால் மா. இடித்த அரிசியும் மா. தமிழ்நாட்டில் நாம் 'மாவு' என்று வால் சேர்த்துவிட்டோம், இலங்கைத் தமிழர்கள் அரிசி மா, கோதுமை மா என்றே இன்றும் சொல்கிறார்கள். பெரியது என்றால் மா. விலங்கு என்றால் மா. அரிமா, கைம்மா என்று பழைய இலக்கியத்தில் வருவது அதுதான். திருமகளுக்கும் அந்தப் பெயர் உண்டு. போதாததற்கு "சாப்டியாம்மா" என்று மகளைக் கேட்கும்போதும், "கொஞ்சம் தள்ளும்மா" என்று பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம் சொல்லும்போதும், அம்மாவின் பின்பாதி தேய்ந்து வந்து ஒட்டிக்கொள்கிறது.

இத்தனை மாவையும் எப்படிக் குழப்பாமல் வைத்திருக்கிறோம்? அடுத்த சொல்லோடு சேர்த்துப் பாருங்கள், தெரியும். மரமாக இருந்தால் நடுவில் ஒரு மெல்லெழுத்து வருகிறது: மாங்காய், மாம்பழம், மாந்தோப்பு. அரைத்த மாவாக இருந்தால் வல்லெழுத்து மிகும்: மாக்கோலம். பெரியது என்ற மாவாக இருந்தால் ஒன்றும் வராது: மாபெரும். சுவரில் ஒட்டும் போஸ்டரில் 'மாபெரும் பொதுக்கூட்டம்' என்றுதான் அச்சடிக்கிறார்கள். 'மாம்பெரும்' என்றோ 'மாப்பெரும்' என்றோ எந்தக் கட்சிக்காரரும் அச்சடித்து நான் பார்த்ததில்லை. புணர்ச்சி விதியைப் பரீட்சையில் கோட்டைவிட்டவர்கூட வாயால் தப்பாகச் சொல்வதில்லை. இந்த மெல்லெழுத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இன்னொரு மா இருக்கிறது. காவிரிக் கரைக்காரர்கள் இந்த மண்டபத்தில் நிறைய பேர் இருக்கிறீர்கள். "அவருக்கு எத்தனை மா நிலம்?" என்று உங்கள் தாத்தா விசாரித்திருப்பார். சுமார் மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி. பழைய தமிழ்க் கணக்கில் இருபதில் ஒரு பங்குக்கும் மா என்றுதான் பெயர். அதாவது 1/20. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் முந்திரி, காணி, மா என்று கீழ்வாய் எண்களை மனப்பாடம் செய்தார்கள். முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20. வேலியில் இருபதில் ஒரு பங்கு எதுவோ அதுவே மா நிலம். பின்னமும் நில அளவும் வேறு வேறு சொல் மாதிரி அகராதியில் நின்றாலும், கணக்குப் போட்டால் ஒரே சொல் என்று புரிகிறது. சொற்களின் உறவை இப்படிக் கண்டுபிடித்தால்தான் எனக்குத் திருப்தி. கணக்கு உதைக்கக் கூடாது.

இனி வெளியூர் போவோம். ஆந்திரத்தில் 'மா' என்றால் எங்கள். இந்தியில் 'மா(ங்)' என்று மூக்கால் சொன்னால் தாய். சமஸ்கிருதத்தில் 'மா' என்றால் வேண்டாம், செய்யாதே. அரபியில் 'மா' என்பது என்ன என்று கேட்கவும் பயன்படும், இல்லை என்று மறுக்கவும் பயன்படும். பாரசீகத்தில் நாங்கள். எஸ்தோனியாவில் நான். போலந்தில் 'அவரிடம் இருக்கிறது'. இத்தாலியில் ஆனால். பிரான்சில் என்னுடைய, அதுவும் பெண்பால் சொல்லுக்கு முன்னால் மட்டும். அங்கேரியில் இன்றைக்கு. ஜப்பானில் இடைவெளி; சங்கீதத்திலும் நாடகத்திலும் கட்டடக் கலையிலும் அவர்கள் இந்த 'இடைவெளி மா'வைப் பெரிய விஷயமாகப் பேசுவார்கள்.

கிழக்கே போனால் இன்னும் வேடிக்கை. அங்கே எழுத்து மட்டும் போதாது, சுரமும் வேண்டும். சீனத்து மாண்டரினில் மேல் ஸ்தாயியில் ஒரே சீராக நிறுத்தினால் அம்மா. கீழிருந்து ஏற்றினால் சணல் வகைச் செடி. இறக்கி ஏற்றினால் குதிரை. வெடுக்கென்று கீழே போட்டால் திட்டு. தாய்லாந்தில் சமமாகச் சொன்னால் வா, ஒரு விதமாக உயர்த்தினால் குதிரை, இன்னொரு விதமாக ஏற்றினால் நாய். ஆக 'மா மா' என்று இரண்டே எழுத்தில் "நாய் வருது" என்றும் சொல்லலாம், "குதிரை வருது" என்றும் சொல்லலாம். வியட்நாமில் ஆறு சுரம்: பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நெல் நாற்று. நாற்றுக்கு அவர்கள் ஊரில் மா, நாற்று நடும் நிலத்துக்கு நம் டெல்டாவில் மா. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் ஒன்றுக்கொன்று ஒரு சம்பந்தமும் கிடையாது.

நான் பேச வந்த விஷயம் இதுதான். மேடைக்கு வருமுன் நம் மாணவர் தமிழ் மன்றத்தார் தயாரித்த கையெழுத்துப் பத்திரிகையைப் பார்த்தேன். அழகான கையெழுத்து, அருமையான ஓவியங்கள். நடுப்பக்கத்தில் 'உலகெங்கும் தமிழ்' என்று ஒரு பட்டியல். சீனத்தில் 'மா' அம்மா, நம்மிடமும் அம்மா. சீனத்தில் 'மா' குதிரை, நம் சங்க இலக்கியத்திலும் 'மா' குதிரை. சீனர்கள் வாக்கியக் கடைசியில் 'மா' சேர்த்துக் கேள்வி கேட்கிறார்கள், நாமும் 'வருமா, போகுமா' என்கிறோம். கொரியாவில் அம்மாவுக்கு 'ஒம்மா', அப்பாவுக்கு 'அப்பா'. ஆகவே இந்த மொழிகளுக்கெல்லாம் தாய் தமிழே என்று முடித்திருக்கிறார்கள்.

இதை எழுதிய தம்பிகள் உழைத்திருக்கிறார்கள், பாராட்டுகிறேன். மூத்தவன் என்ற உரிமையில் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி 'மா'வை முதலில் எடுப்போம். 'வருமா' என்பதை எங்கே வெட்ட வேண்டும்? வரும் என்பது ஒரு துண்டு, ஆ என்பது ஒரு துண்டு. 'வந்தானா', 'அவளா', 'வீடா' என்று சொல்லிப் பாருங்கள். கேள்வி கேட்பது 'ஆ' மட்டுமே. 'ம்' வினையின் சொத்து. சீனத்தில் 'மா' முழுசாகத் தனிச் சொல். மூட்டுப் பார்த்து வெட்டாமல் நடு எலும்பில் வெட்டினால் இப்படித்தான் ஆகும்.

அடுத்தது குதிரை. இது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான ஒற்றுமை, அதனால் பொறுமையாகப் பார்ப்போம். தமிழில் மா என்பது முதலில் விலங்கு என்ற பொதுச்சொல். இடத்தைப் பொறுத்து யானையைக் குறிக்கும், குதிரையைக் குறிக்கும். சீனத்திலோ அது குதிரைக்கு மட்டுமே உரிய பெயர். சரி, பொருள் சுருங்கியிருக்கலாம் என்று வாதாடுவீர்கள். அப்படியானால் காலத்தில் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். நிஜமான உறவுக்காரர்கள் என்றால், தாத்தா காலத்துக்குப் போகப் போக இரண்டு குடும்பமும் நெருங்கி வர வேண்டும் அல்லவா? இங்கே தலைகீழ். பழைய சீனத்தில் குதிரைக்கான சொல்லுக்குள் ஒரு ரகரம் இருந்தது, ஏறக்குறைய 'ம்ரா' என்ற மாதிரி, என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். சீனத்துக்கு உறவான பர்மிய மொழியில் குதிரைக்கு இன்றைக்கு 'ம்யின்' என்று உச்சரிக்கிறார்கள், ஆனால் எழுத்துக்கூட்டில் பழைய 'ம்ரங்' அப்படியே நிற்கிறது. நம் 'மா'வுக்குள் ரகரம் இருந்த தடயமே இல்லை. பின்னால் போகப் போக இவர்கள் விலகிப் போகிறார்கள். இன்று பார்க்க ஒரே ஜாடை, பூர்வீகம் வேறு.

அம்மா விவகாரம் எல்லோருக்கும் உணர்ச்சிகரமானது. பல்லும் முளைக்காத குழந்தை உதட்டை மூடித் திறந்தால் என்ன ஓசை வரும்? ம, ப, ப. பால் குடிக்கும்போது மூக்கால் முனகினால் ம. பெற்றவர்கள் ஆசையாக அதைத் தம் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். ஜார்ஜ் மர்டாக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் உலக மொழிகளிலிருந்து தாய், தந்தையைக் குறிக்கும் 1,072 சொற்களைத் திரட்டினார். அதை வைத்துக்கொண்டுதான் ரோமன் யாகப்சன் என்ற பெரிய மொழியியல் அறிஞர், இந்த ஒற்றுமை குழந்தையின் வாயிலிருந்து வருவது, மொழிக் குடும்பத்திலிருந்து அல்ல என்று விளக்கினார். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா! அம்மாவுக்கு 'தெதா'. சிங்களத்தில் 'மம' என்றால் நான். நமக்கோ மாமா என்றால் தாய்மாமன். கொரியக் குழந்தையும் தஞ்சாவூர்க் குழந்தையும் ஒரே மாதிரி உதட்டை அசைக்கின்றன, அவ்வளவே. கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே ஒரு நூல் எழுதினார். ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ, ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டு உழைத்தார். இருவரும் தமிழ்மீது உண்மையான மரியாதை வைத்தவர்கள். ஆனாலும் அந்த முடிவுகளைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் இன்றுவரை ஏற்கவில்லை.

"இத்தனை ஒற்றுமையும் தற்செயலா சார்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இங்கேதான் கணக்கு வாத்தியாருக்கு வேலை. ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தால், அதில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல். 60 பேர் இருந்தால் 99 சதவீதத்துக்கும் மேல். வருஷத்துக்கு 365 நாள் இருந்தும் இந்தக் கதி. நம் தமிழில் உயிர்மெய் 216. எல்லா மொழியிலும் பொதுவாகக் கிடைக்கும் எளிய ஓசைகளை மட்டும் எடுத்தால் அதைவிடக் குறைவு. நான், நீ, இல்லை, என்ன, வா, போ, அம்மா என்று எல்லா மொழிக்கும் வேண்டிய அடிப்படைப் பொருள்களோ நூற்றுக்கணக்கில். உலகில் சுமார் 7,000 மொழிகள். இருக்கிற கொஞ்சம் ஓசைகளை இத்தனை மொழிகளும் பங்குபோட்டுக்கொள்ளும்போது மோதல் வராமல் இருந்தால்தான் அதிசயம். சொல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு எளிதாக மோதும். இல்லை என்பதற்குச் சமஸ்கிருதம், அரபி, பர்மியம் மூன்றிலும் 'ம'வோடு ஒரு சொல் இருக்கிறது. மூன்றும் மூன்று குடும்பம்.

பெரிய சொல்லும் மோதும். ஆஸ்திரேலியாவில் வட குவின்ஸ்லாந்துப் பழங்குடி மொழி ஒன்று, பெயர் ம்பபரம். அதை 1960-களில் டிக்சன் என்ற அறிஞர் பதிவு செய்யப் போனார். நாய்க்கு என்ன சொல் என்று கேட்டால் 'டாக்' என்று பதில். ஆங்கிலத்திலிருந்து தொற்றிக்கொண்டதோ என்றுதான் எவருக்கும் தோன்றும். பக்கத்து உறவு மொழிகளைப் பார்த்தால் அங்கே 'குடகா'. ம்பபரம் மொழியில் சொற்களின் முன்னெழுத்து உதிர்ந்துபோவது வழக்கம். குடகா தேய்ந்து டாக் ஆகிவிட்டது. ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை.

சரி, அப்போது உறவை எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஜாடை பார்த்து அல்ல, ஒழுங்கு பார்த்து. கன்னடக்காரரிடம் பேசிப் பாருங்கள். பால் அவருக்கு ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. ஒரு சொல் அல்ல, வரிசையாகப் பகரம் இருந்த இடத்தில் ஹகரம். இது தற்செயலாக நடக்காது. பாகிஸ்தானின் பலுசிஸ்தானத்தில் பிராகுயி பேசுகிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் நடுவே ஆயிரம் மைலுக்கும் மேல். அங்கே கல்லுக்கு 'ஃகல்', கண்ணுக்கு 'ஃகன்'. மறுபடியும் அதே ஒழுங்கு.

தெலுங்கு 'மா'வுக்கு வருவோம். 'மா இல்லு' என்றால் எங்கள் வீடு. கேட்பவரைச் சேர்க்காத எங்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'மன இல்லு', நம் வீடு. எங்கள், நம் என்ற இந்த வித்தியாசம் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுச் சொத்து. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியிருக்கிறது. இந்தத் தெலுங்கு 'மா'வுக்கு உறவுக்காரர் தமிழில் யார் தெரியுமா? நம் மாமரமும் அல்ல, மாவும் அல்ல. 'யாம், எம்' என்று பழந்தமிழில் வருகிறதே, அதுதான். அவர் என்பது அங்கே வாரு, உரல் ரோலு, இரண்டு ரெண்டு. சொல்லின் முன்னால் நிற்கும் உயிர் அங்கே இடம் மாறிவிடும், அல்லது விழுந்துவிடும். ஒரே ஓசையுள்ள இரண்டு 'மா' அந்நியர்கள். ஓசையே ஒத்துவராத எம்மும் மாவும் உடன்பிறப்புகள். அதே ஓசையோடு பாரசீகத்தில் 'நாங்கள்' என்ற பொருளில் நிற்கும் 'மா'வும் அந்நியரே.

இதில் என்ன வந்தது, பட்டியல் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி விடத் தயாராக இல்லை. தென்னிந்திய மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்று ஒரு காலத்தில் படித்தவர்களே நம்பினார்கள். ஏன்? தெலுங்கிலும் தமிழிலும் சமஸ்கிருதச் சொற்கள் கண்ணுக்குத் தெரிந்தன, அவ்வளவுதான். ஜாடை பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், கேம்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலுக்கு 1816-இல் எழுதிய குறிப்பில், வேர்ச்சொற்களை வரிசையாக வைத்து, தெலுங்கும் தமிழும் கன்னடமும் தனிக் குடும்பம் என்று காட்டினார். 40 ஆண்டு கழித்து 1856-இல், திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் அதை விரிவாக நிலைநாட்டினார். அவரே இந்தக் குடும்பத்தைச் 'சித்திய' மொழிகளோடு சேர்க்கப் பார்த்தது நிற்கவில்லை. திராவிடக் குடும்பம் என்ற பகுதி நின்றுவிட்டது. நின்றதற்குக் காரணம் ஒழுங்கான சான்று.

தமிழ் தனித்து நிற்கும் மொழி என்று இன்று நாம் உலகத்துக்கு முன்னால் சொல்ல முடிகிறதென்றால் அந்த முறையால்தான். நமக்குச் சாதகமாக வரும்போது ஜாடையை ஏற்றுக்கொண்டு, பாதகமாக வரும்போது ஒழுங்கைக் கேட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவர் சிரிப்பார். சிரித்தவர் அதோடு நிற்க மாட்டார். கண்ணும் கல்லும் பலுசிஸ்தானம் வரை இருக்கிறது என்று நாம் சொல்லும் நிஜத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். எனக்கு இருக்கும் பயம் அது ஒன்றுதான். இப்படிப் பேசினால் தமிழ்ப்பற்று குறைந்தவன் என்று ஓரிருவர் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும், ஐம்பது வருஷமாகத் தமிழில்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

காலையில் தேநீர் இடைவேளையில் ஒரு தம்பி, "அப்போ பட்டியலைக் கிழிச்சுடலாமா சார்?" என்று கேட்டார். முகம் வாடியிருந்தது. வேண்டாம் தம்பி, கிழிக்காதே. பக்கத்தில் இன்னொரு கட்டம் போடு. எந்தக் காலத்துச் சான்று, எத்தனை சொல்லில் அதே ஒழுங்கு இருக்கிறது, இரவலாகப் போனதா என்று நிரப்பு. பாதி வரிகள் தாமாகவே விழும். மிச்சம் நிற்பதை யாராலும் அசைக்க முடியாது.

முதல் வரியை நான் தருகிறேன், எழுதிக்கொள். 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கிய போர்ச்சுகீசியர் இந்தக் கரையில் ஒரு பழத்தைத் தின்று பார்த்தார்கள். மலையாளத்தில் மாங்ஙா, தமிழில் மாங்காய். அவர்கள் வாயில் மங்கா ஆயிற்று. ஆங்கிலத்தில் மேங்கோ, பிரெஞ்சில் மாங்க். எகிப்துக்காரர்களும் மங்கா என்கிறார்கள். இது குடும்ப உறவு அல்ல, பழத்தோடு கப்பல் ஏறிப் போன இரவல் சொல். சான்று கேட்டால் ஆண்டோடு, துறைமுகத்தோடு காட்டலாம். மரத்து மாவுக்கும் காய்க்கும் நடுவில் ஒரு மெல்லெழுத்து வரும் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த 'ங்' இருக்கிறதே, லண்டன் பழக்கடையில் விலை கேட்பவர் வாயிலும் அது இன்றைக்கும் இருக்கிறது.